விரல் தவறிப் படும் விசைகள்: கணினி பழகுவோருக்கு ஒரு பாடம்



தோட்ட ஆபிசில் ஒரு காலத்தில் செக்ரோல் என்றால் பெரிய புத்தகம். கிளாக்கர் ஐயா மேசையில் விரித்து வைத்துப் பேர் போடுவார். பிழை விட்டால் சிவப்பு மையால் வெட்டிப் பக்கத்தில் தன் கையெழுத்தை வைப்பார். வெட்டின இடம் யார் பார்த்தாலும் தெரியும். இன்று பல தோட்டங்களில் அந்தப் புத்தகம் கணினிக்குள்ளே போய்விட்டது. கணினியில் விடுகிற பிழைக்கு வெட்டுக் கோடு கிடையாது. சரியாக அடித்த எழுத்தும் தவறிப் பட்ட எழுத்தும் ஒரே அழகாகத்தான் நிற்கும். அதனால்தான் இந்த முறை இந்தப் பாடத்தை எழுதுகிறேன்.

பிள்ளைகள் பாடசாலையில் கணினி படிக்கிறார்கள். ஆபிசில் வேலை செய்கிற நம் பிள்ளைகள் சம்பளக் கணக்கை அடிக்கிறார்கள். டவுனில் கொமியூனிகேஷன் கடைகளில் எத்தனையோ பேர் டைப் வேலைக்குப் போகிறார்கள். எல்லோரும் எந்த விசையை அடிக்க வேண்டும் என்று பழகுகிறார்கள். அடிக்க நினைக்காத விசை அடிபட்டால் என்ன நடக்கும், அதைத் தடுப்பது எப்படி என்று யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை. நானும் சாதாரண தரம் வரை படித்தவன்தான். பெரிய கணினி வித்துவான் இல்லை. கடிதமும் கணக்கும் அடித்து அடித்துத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

ஒரு விரல் கொஞ்சம் கண்ணயர்ந்தால்

ஜேர்மனி நாட்டில் நடந்த ஒரு வழக்கைச் சொல்லுகிறேன், கேளுங்கள். 2012 ஏப்ரலில் ஒரு வங்கி உத்தியோகத்தர் ஓய்வூதியக்காரர் ஒருவரின் காசு மாற்றும் படிவத்தைக் கணினியில் ஏற்றிக்கொண்டிருந்தார். தொகை 62 யூரோ 40 சதம். அடிக்கும்போது மனுஷனுக்கு ஒரு கணம் தூக்கம் வந்துவிட்டது. விரல் 2 என்ற விசையிலேயே இருந்துவிட்டது. கணினி என்ன செய்யும்? விரல் இருக்கும்வரை 2, 2, 2 என்று போட்டுக்கொண்டே போனது. தொகை 22 கோடியே 22 இலட்சத்து 22 ஆயிரத்து 222 யூரோ 22 சதமாகிவிட்டது.

இதிலே முக்கியமான ஆள் தூங்கினவர் இல்லை. அதைச் சரிபார்க்க இருந்த பெண் உத்தியோகத்தர். அவர் அதைக் கவனிக்காமல் 'சரி' கொடுத்துவிட்டார். பிறகு வேறொருவர் கண்டுபிடித்துத் திருத்தினார், காசு போகவில்லை. ஆனால் வங்கி அந்தப் பெண்ணை வேலையிலிருந்து நிறுத்தியது. அவர் வழக்குப் போட்டார். அன்றைக்கு அவர் 812 படிவம் பார்த்திருக்கிறார், அதில் 603 படிவத்தை ஒவ்வொன்றும் 1.4 செக்கனுக்கும் குறைவான நேரத்தில் தள்ளியிருக்கிறார் என்று கணக்கு வந்தது. 2013 பெப்ரவரியில் ஹெஸன் மாநிலத் தொழில் நீதிமன்றம் அவரை வேலையிலிருந்து நிறுத்தியது செல்லாது, எச்சரிக்கை கொடுத்திருந்தால் போதும் என்று தீர்ப்புச் சொன்னது. எனக்கு இந்தத் தீர்ப்புப் பிடித்தது. ஒரு விசை தவறிப் பட்டதற்கு ஒரு குடும்பத்தின் சோற்றைப் பறிக்கக் கூடாது. ஆனாலும் 1.4 செக்கனில் என்னத்தைப் பார்ப்பது? பேருக்குப் பார்த்ததுதான்.

ஜப்பானிலும் ஒன்று நடந்தது. 2005 டிசம்பர் 8ஆம் திகதி மிசுஹோ என்ற பங்குத் தரகு நிறுவனத்தில், ஒரு பங்கை 610,000 யென்னுக்கு விற்க வேண்டிய இடத்தில் 610,000 பங்குகளை ஒரு யென்னுக்கு விற்கும்படி அடித்துவிட்டார்கள். கணினி எச்சரிக்கை காட்டியது. அதையும் தாண்டிப் போய்விட்டார்கள். நட்டம் ஏறக்குறைய 4,000 கோடி யென். அது விரல் பட்ட பிழை இல்லை, இடம் மாறின பிழை. ஆனால் எச்சரிக்கைப் பெட்டி வந்தால் வாசிக்காமல் என்டர் தட்டுகிற பழக்கம் இருக்கிறதே, அது நம்மிடமும் இருக்கிறது.

நம்ம கணக்குக்கு வருவோம். 2024இல் நாட்சம்பளம் 1,350 ரூபாய் என்று வந்தது. அடிக்கும்போது 3 என்ற விசை இரண்டு தரம் விழுந்தால் 13,350. கடைசிச் சைபர் விழாவிட்டால் 135. கூடிப் போனால் ஆபிஸ் கண்டுபிடித்து அடுத்த மாதம் வெட்டிக்கொள்ளும். குறைந்து போனால் யார் கண்டுபிடிக்க வேண்டும்? நாம்தான்.

சம்பளத் துண்டில் விடுகிற பிழை ஒரு மாதத்தில் தெரியும். சேமலாப நிதியில் விடுகிற பிழை முப்பது வருடம் கழித்துத்தான் தெரியும். ஒரு தோட்டத்தில் 31 வருடம் கொழுந்தெடுத்த ஓர் அம்மாவின் விஷயத்துக்கு நான் அலைந்திருக்கிறேன். எந்தத் தோட்டம் என்று சொல்லத் தேவையில்லை. அவருடைய அடையாள அட்டை எண்ணில் 5 இருக்க வேண்டிய இடத்தில் 2 விழுந்திருந்தது. விசைப்பலகையின் வலது பக்கத்து எண் கட்டத்தைப் பாருங்கள், 5க்கு நேர் கீழே 2 இருக்கிறது. விரல் ஒரு வரி இறங்கிவிட்டது, அவ்வளவுதான். அதைச் சரிக்கட்ட கிராம சேவகர் கடிதம், சத்தியக் கடதாசி, தொழில் திணைக்களத்துக்கு மூன்று நடை. ஏழு மாதம் போனது. அந்த ஏழு மாதமும் அந்த அம்மா பேரப்பிள்ளையின் கொப்பிக் காசுக்கு மற்றவர் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

புளியங்குளத்துக் கடையில்

எங்கள் ஆட்கள் பலர் மலைநாட்டை விட்டு வன்னிக்குப் போய்க் குடியேறியது உங்களுக்குத் தெரியும். 1977 கலவரத்துக்குப் பிறகு போனவர்கள் நிறையப் பேர். என் அக்கா குடும்பமும் அப்படித்தான், வவுனியா வடக்கில் புளியங்குளத்துப் பக்கம். யாழ்ப்பாணம் போகிற ஏ9 வீதியில், நெடுங்கேணிக்குத் திரும்புகிற சந்தி அது. யுத்த காலத்தில் அந்தச் சனம் எத்தனை தரம் இடம்பெயர்ந்தது என்று கணக்கே இல்லை. 2009க்குப் பிறகு மீளக் குடியேறி, காணி, வீடு, பிறப்புப் பதிவு என்று எல்லாவற்றுக்கும் விண்ணப்பம் எழுத வேண்டி வந்தது. அந்த விண்ணப்பங்களை அடித்துக் கொடுக்கிற கடையொன்றில்தான் என் மருமகன் வேலை செய்கிறான். லீவில் போகும்போது அவன் பக்கத்தில் ஒரு கதிரையைப் போட்டு உட்கார்ந்து பார்ப்பேன். இந்தப் பாடத்தில் பாதி அவனிடம் கற்றது.

ஒரு நாள் காணி விஷயமாக ஒரு கடிதம். பெயர் கமலம். அவன் தாளைப் பார்த்துக்கொண்டே வேகமாக அடித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தால் திரையில் 'குமுலுமு' என்று கிடக்கிறது, கடைசியில் ஒரு புள்ளியும் தொங்குகிறது. பக்கத்தில் இருந்த கிழவி, "என்ன தம்பி, என் பேரு குலவை போடுது?" என்று கேட்டார். கடையே சிரித்தது. 

நடந்தது என்ன? இடது கையின் சின்ன விரல் கெப்ஸ் லொக் விசையில் பட்டுவிட்டது.

இதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும். ஆங்கிலம் அடிப்பவருக்குக் கெப்ஸ் லொக் பட்டால் சின்ன எழுத்து பெரிய எழுத்தாகும், பெயர் மாறாது. தமிழ் அடிப்பவருக்கு அப்படி இல்லை. இலங்கையில் மிகுதியாகப் பழகிய பாமினி எழுத்துருவில் எஃப் விசையை அடித்தால் 'க', ஷிப்ட் பிடித்து எஃப் அடித்தால் 'கு'. கே விசை 'ம', ஷிப்டோடு 'மு'. வை விசை 'ல', ஷிப்டோடு 'லு'. கெப்ஸ் லொக் விழுந்தால் எல்லாமே ஷிப்ட் பிடித்த மாதிரி ஆகிவிடும். ஆகவே க, ம, ல மூன்றும் கு, மு, லு ஆயின. புள்ளி வைக்கிற விசை நிறுத்தற்குறி விசை என்பதால் அதைக் கெப்ஸ் லொக் தொடாது. அதனால்தான் 'மு'வுக்கு மேலே புள்ளி தொங்கியது. கமலம் குமுலுமு ஆனால் கண்ணில் படும். ஒரு பந்தியின் நடுவில் ஒரே ஒரு 'ர' 'ரு' ஆனால் எவருக்கும் தெரியாது. பெயரில் அது விழுந்தால் திரும்பவும் சத்தியக் கடதாசிதான்.

தமிழ் டைப்ரைட்டரை அமைத்தவர் நம் நாட்டுக்காரர். யாழ்ப்பாணம் சுண்டுக்குளியில் 1886இல் பிறந்து மலாயா, சிங்கப்பூர் பக்கம் வேலைக்குப் போன ஆர். முத்தையா. 247 எழுத்தை அந்தச் சின்ன இயந்திரத்தில் எப்படி அடக்குவது என்று யோசித்து, அடித்தாலும் உருளை நகராத 'நகரா விசை' முறையைப் புள்ளிக்கும் கொம்புக்கும் வைத்தார். அந்த மிஷினில் விசையை அமுக்கப் பலம் வேண்டும். விரல் சும்மா பட்டால் ஒன்றும் அச்சாகாது. இன்றைய கீபோர்ட் அப்படியா? பூ விழுந்த மாதிரித் தொட்டாலே எழுத்து விழுகிறது. டைப்ரைட்டரில் பழகிய பெரியவர்கள் விரலை விசைமேல் ஊன்றி வைத்துக்கொண்டு யோசிப்பார்கள். கணினியில் அதே பழக்கம் வைத்தால் ஒரு வரி முழுக்க ஒரே எழுத்தாகப் போகும்.

இன்னொன்று. பழைய ஐ.பி.எம். கணினிகளில் ஏ விசைக்குப் பக்கத்தில் இருந்தது கொன்ட்ரோல் விசை. 1980களின் நடுவில் வந்த கீபோர்டில்தான் கெப்ஸ் லொக்கை அந்த இடத்துக்குக் கொண்டு வந்தார்கள். பிறகு எல்லோரும் அதையே பின்பற்றினார்கள். நாளுக்கு ஒரு தரம்கூடத் தேவைப்படாத விசையைச் சின்ன விரலுக்குக் கிட்டவே வைத்தது நல்ல யோசனை என்று நான் சொல்லமாட்டேன்.

புதிதாகப் பழகுகிற பிள்ளைகளுக்கு என் யோசனை: 1999இல் தமிழ்நாட்டு அரசு ஏற்ற தமிழ்99 விசைப்பலகையில் பெரும்பாலான எழுத்துகளை ஷிப்ட் இல்லாமலே அடிக்கலாம். கெப்ஸ் லொக் விழுந்தாலும் சேதம் குறைவு. ஆனால் கடையில் வேலைக்குப் போனால் பாமினி கேட்பார்கள். இரண்டையும் பழகுங்கள்.

அடிபடுகிற விசைகள்

கெப்ஸ் லொக்கைப் பற்றிச் சொல்லிவிட்டேன். அடுத்தது இன்சேர்ட். டிலீட் விசைக்குப் பக்கத்திலோ மேலேயோ இருக்கும். பழைய வேர்ட் உள்ள கணினிகளில் இது பட்டால், நடுவில் ஓர் எழுத்தைச் சேர்க்கப் போனால் அடுத்த எழுத்தைத் தின்னும். "நான் அடிக்க அடிக்க அழியுது, வைரஸ் வந்துட்டுது" என்று பிள்ளைகள் பயப்படுவது இதற்குத்தான். வைரஸ் இல்லை. இன்சேர்டை இன்னொரு தரம் தட்டினால் சரியாகும்.

நம் லொக். வலது பக்கத்து எண் கட்டத்தைத் திறக்கிற, பூட்டுகிற விசை. இது அணைந்திருந்தால் எண் அடித்தால் எண் விழாது, குறி மேலும் கீழும் ஓடும். கணக்கு அடிப்பவர் தாளையே பார்த்துக்கொண்டு அடித்தால் ஓர் ஆளின் எண் இன்னோர் ஆளின் கட்டத்தில் போய் உட்காரும். சில பழைய சின்ன மடிக்கணினிகளில் மறுவளம். நம் லொக் பட்டால் ஜே, கே, எல் விசைகளில் 1, 2, 3 விழும்.

எண் கட்டம் பற்றி இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். போனில் மேல் வரி 1, 2, 3. கணினியிலும் கல்குலேட்டரிலும் மேல் வரி 7, 8, 9. போனில் விரல் பழகின பிள்ளை பார்க்காமல் அடித்தால் 1க்கு 7 விழும், 3க்கு 9 விழும். நடு வரி மட்டும் இரண்டிலும் ஒன்று. எண் கட்டத்தின் 5இல் ஒரு சின்ன மேடு இருக்கும், விரலால் தடவிப் பாருங்கள். எஃப், ஜே எழுத்துகளிலும் அப்படியே. நடு விரலை 5இல் வைத்துத்தான் தொடங்க வேண்டும். அந்த அம்மாவின் எண்ணை அடித்தவர் இந்த மேட்டைத் தேடியிருந்தால் விரல் ஒரு வரி இறங்கியிருக்காது.

ஸ்குரோல் லொக் என்று ஒரு விசை. எக்ஸெல் கணக்குத்தாளில் அது பட்டால் அம்பு விசையை அழுத்தும்போது கட்டம் மாறாது, தாள் முழுக்க நகரும். திரும்ப அழுத்தினால் தீரும்.

ஷிப்டை ஐந்து தரம் தொடர்ந்து தட்டினால் 'ஸ்டிக்கி கீஸ்' வேண்டுமா என்று ஒரு பெட்டி வரும். வலது ஷிப்டை எட்டு செக்கன் பிடித்திருந்தால் 'ஃபில்ட்டர் கீஸ்' என்று கேட்கும். வாசிக்காமல் 'ஆம்' கொடுத்தால் அதன் பிறகு கணினி ஒரு மாதிரி நடக்கும். ஒரு விசை தட்டினால் விழாது, ஷிப்ட் பிடித்தபடியே நிற்கும். கீபோர்ட் உடைந்துவிட்டது என்று தூக்கிக்கொண்டு டவுனுக்குப் போனவர்களை எனக்குத் தெரியும். இவை ஒரு கையால் அடிப்பவர்களுக்கும் கை நடுங்குபவர்களுக்கும் உதவ வைத்தவை. அவற்றின் நன்மையைப் பிறகு சொல்கிறேன்.

ஓல்ட்டும் ஷிப்டும் சேர்ந்து பட்டால், அல்லது விண்டோஸ் விசையும் இடைவெளி விசையும் சேர்ந்து பட்டால், கணினி வேறு மொழிக்கு மாறிவிடும். தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றும் போட்டிருக்கிற கணினியில் தமிழ் அடித்துக்கொண்டே போக நடுவில் சிங்கள எழுத்து வரும். திரையின் கீழ் வலது மூலையில் எந்த மொழி என்று காட்டும். அதை அடிக்கடி ஒரு பார்வை பார்த்துக்கொள்ள வேண்டும்.

கொன்ட்ரோலும் டபிள்யூவும் பட்டால் கோப்பு மூடிக்கொள்ளும். சேமிக்கவா என்று கேட்கும், அவசரத்தில் 'இல்லை' கொடுத்துவிடாதீர்கள். சில கீபோர்டுகளில் தூங்க வைக்கிற விசையும் நிறுத்துகிற விசையும் அம்பு விசைகளுக்குக் கிட்டவே இருக்கும். அப்படிப்பட்ட கீபோர்டை வாங்கவே வேண்டாம் என்பது என் எண்ணம்.

மடிக்கணினியில் விசையைவிட ஆபத்து அந்தத் தடவு பலகை. உள்ளங்கை பட்டால் குறி எங்கோ தாவும். மூன்றாவது பந்தியில் அடித்துக்கொண்டிருப்பீர்கள், எழுத்து முதலாவது பந்தியில் போய் விழும். மவுஸ் பூட்டியிருக்கும்போது தடவு பலகையை நிறுத்தி வைக்க அமைப்புகளில் வழி உண்டு. என் மருமகன் முதலில் ஓர் அட்டைத் துண்டை அதன்மேல் ஒட்டி வைத்திருந்தான். அதுவும் வேலை செய்தது.

தடுக்கிற வழி

முதலில் உட்காருகிற முறை. நம் பிள்ளைகள் கட்டிலில் படுத்துக்கொண்டும், அரிசிப் பெட்டிமேல் கீபோர்டை வைத்துக்கொண்டும் அடிக்கிறார்கள். மேசை உயரமாக இருந்தால் மணிக்கட்டு மடிந்து உள்ளங்கை கீழ் வரியில் உரசும். முழங்கையும் கீபோர்டும் ஏறக்குறைய ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். கதிரை பதிவாக இருந்தால் பழைய சாக்கை மடித்துப் போட்டு உட்காருங்கள். விரல் வளைந்து நிற்கட்டும். யோசிக்கிறபோது கையை எடுத்து மடியில் வைத்துவிட வேண்டும். இது சின்ன விஷயம்போல் இருக்கும், ஆனால் தவறிப் படுகிற விசையில் பெரும் பங்கு யோசிக்கிற நேரத்தில்தான் படுகிறது.

கீபோர்டுக்கு முன்னால் ஃபைல், தேத்தண்ணிக் கோப்பை, போன் ஒன்றும் வைக்கக் கூடாது. ஃபைலின் மூலை என்டர் விசையில் சாய்ந்து பத்துப் பக்கம் வெறுமையாகப் போனதை நான் கண்ணால் கண்டேன்.

இனிக் கணினியின் உள்ளே செய்யக்கூடியவை. விண்டோஸில் கொன்ட்ரோல் பெனலில் கீபோர்ட் என்ற இடத்தைத் திறந்தால் 'ரிப்பீட் டிலே' என்று ஓர் இழுவை இருக்கும். அதை 'லோங்' பக்கம் இழுத்து விடுங்கள். விரல் விசையில் கொஞ்ச நேரம் இருந்தாலும் எழுத்து உடனே பெருகாது. அந்த ஜேர்மன்காரருக்கு இது இருந்திருந்தால் இரண்டொரு 2 குறைந்திருக்கும்! அதோடு அமைப்புகளில் எக்ஸசிபிலிட்டி, அதற்குள் கீபோர்ட் என்று போனால், ஷிப்டைத் தட்டி ஸ்டிக்கி கீஸ் வருகிற குறுக்கு வழியை நிறுத்திவிடலாம்.

கெப்ஸ் லொக், இன்சேர்ட் இரண்டையும் முழுக்கச் செயலிழக்கச் செய்யவும் முடியும். மைக்ரோசொஃப்டின் பவர்டோய்ஸ் என்ற இலவச மென்பொருளில் கீபோர்ட் மெனேஜர் என்று ஒரு பகுதி. அதில் விசையைத் தெரிவு செய்து 'டிசேபிள்' கொடுத்தால் போதும். ஆபிஸ் கணினி என்றால் துரையிடமோ பெரிய கிளாக்கரிடமோ கேட்டுவிட்டுச் செய்யுங்கள். மற்றவர் வந்து அடிக்கும்போது திகைப்பார்.

ஒன்றும் போட முடியாத பழைய கணினியா? விசையின் மூடியைக் கழற்றிவிடலாம். மருமகனின் கடையில் ஒரு கீபோர்டில் கெப்ஸ் லொக் மூடியே இல்லை, வெறும் குழிதான். சின்ன விரல் போனாலும் பள்ளத்தில் படுமே தவிர அழுந்தாது. வேண்டுமென்றால் பேனை முனையால் அழுத்துகிறான். மடிக்கணினியில் மட்டும் இதைச் செய்ய வேண்டாம், அதன் கிளிப் உடைந்துவிடும்.

கை நடுங்குகிற பெரியவர்களுக்கும், வலிப்பு, பக்கவாதம் கண்ட பிள்ளைகளுக்கும் தனியாகச் சொல்ல வேண்டும். மேலே சொன்ன ஃபில்ட்டர் கீஸ் அவர்களுக்குத்தான். அதைப் போட்டால் விரல் ஒரு விசையில் சிறிது நேரம் நின்றால் மட்டுமே எழுத்து விழும், சும்மா உரசினால் விழாது. ஒரே விசை துடித்துத் துடித்துப் பட்டாலும் ஒன்றாகத்தான் எடுக்கும். இன்னொரு சாதனம் துளைத்தட்டு. விசைக்கு நேரே ஓட்டை போட்ட ஒரு தகடு, கீபோர்டின் மேல் பொருத்துவது. கையை அதன்மேல் ஊன்றிக்கொண்டு ஓட்டைக்குள் விரலை விட்டு ஒவ்வொரு விசையாக அடிக்கலாம், பக்கத்து விசை படாது. கணினி பழக ஆசைப்படுகிற மாற்றுத்திறனாளிப் பிள்ளை உங்கள் லயத்தில் இருந்தால் என்னிடம் கூட்டிவாருங்கள். "இந்தப் பிள்ளைக்கு என்னத்துக்கு கம்பியூட்டர்" என்று யாரும் சொல்ல வேண்டாம்.

இத்தனை செய்தும் ஒரு விசை பட்டுவிட்டது, எல்லாம் அழிந்துவிட்டது என்றால் பதறி வேறு விசைகளைத் தட்டாதீர்கள். கையை எடுங்கள். கொன்ட்ரோலைப் பிடித்து இசட். கடைசியாக நடந்தது திரும்பிவிடும். இன்னும் பின்னால் போக மீண்டும் இசட். பத்து நிமிடத்துக்கு ஒரு தரம் கொன்ட்ரோலும் எஸ்ஸும் அடித்துச் சேமித்துக்கொள்வது நல்லது. 2022இல் மின்வெட்டு வந்த காலத்தில் இதைப் பழகாதவர்கள் பட்ட பாடு தெரியும்தானே. எழுந்து போகும்போது விண்டோஸ் விசையோடு எல் அடித்தால் திரை பூட்டிக்கொள்ளும். சின்னப் பிள்ளையோ பூனையோ கீபோர்டில் ஏறினாலும் கணக்கு அசையாது.

எண்ணைச் சரிபார்ப்பது

எழுத்துப் பிழை வாசித்தால் தெரியும். எண் பிழை வாசித்தால் தெரியாது, ஏனென்றால் எந்த எண்ணும் எண்தான். கொழுந்து நிறுக்கிற இடத்தில் எப்படிச் செய்கிறோம்? ஒருவர் தராசைப் பார்த்துச் சத்தமாகச் சொல்ல மற்றவர் எழுதுகிறார், நாமும் காதால் கேட்கிறோம். அதே முறைதான். ஒருவர் தாளிலிருந்து சத்தமாக வாசிக்க வேண்டும், மற்றவர் திரையைப் பார்க்க வேண்டும். அடித்தவரே வாசித்தால் அவர் மனம் நினைத்ததைத்தான் கண் பார்க்கும். தனியாக இருந்தால் எண்ணைப் பின்னாலிருந்து முன்னால் வாசித்துப் பாருங்கள்.

எத்தனை இலக்கம் என்று எண்ணுவதும் உதவும். பழைய அடையாள அட்டை எண்ணில் 9 இலக்கமும் ஓர் ஆங்கில எழுத்தும். 2016இலிருந்து வந்த புதிய எண்ணில் 12 இலக்கம். கூடினாலோ குறைந்தாலோ ஒரு விசை இரண்டு தரம் விழுந்திருக்கிறது, அல்லது விழவில்லை. ஆனால் 5க்கு 2 விழுந்தால் இலக்கம் எண்ணி அகப்படாது, வாசித்துத்தான் பிடிக்க வேண்டும்.

அம்மாமார், அக்காமாருக்கு ஒரு வேலை தருகிறேன். உங்கள் சம்பளத் துண்டையும் அடையாள அட்டையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, படிக்கத் தெரிந்த பிள்ளையிடம் கொடுத்துப் பெயரையும் எண்ணையும் ஒவ்வோர் எழுத்தாக ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். சேமலாப நிதிக் கணக்கு அறிக்கை வந்தால் அதையும். உங்கள் சம்பளத்திலிருந்து 8 வீதம், தோட்டம் போடுவது 12 வீதம், இரண்டும் சரியான எண்ணில் போய்ச் சேருகிறதா என்று பார்க்க உங்களுக்கு உரிமை உண்டு. வித்தியாசம் இருந்தால் வேலையில் இருக்கும்போதே ஆபிசில் எழுத்தில் கொடுங்கள், ஒரு பிரதியை வைத்துக்கொள்ளுங்கள். எழுதத் தெரியாவிட்டால் என்னிடம் வாருங்கள்.

போன் பற்றியும் இரண்டு வார்த்தை. கொழுந்துச் சாயமும் காய்ப்பும் ஏறின விரலுக்குத் தொடு திரை சில நேரம் மசியாது, சில நேரம் பக்கத்து எழுத்தில் விழும். விரல் நுனியால் குத்தாமல் விரலின் சதைப் பகுதியால் தொட்டுப் பாருங்கள். எழுத்துப் பலகையின் உயரத்தைக் கூட்ட அமைப்பு உண்டு, கூட்டிவிட்டால் விசை பெரிதாகும். இடுப்பில் செருகிக்கொண்டு மலைக்குப் போகிறபோது திரையைப் பூட்டாமல் போனால், ஆருக்கோ அழைப்புப் போய் காசு கரையும். புதிய அண்ட்ரொய்ட் போன்கள் சிலவற்றில் பவர் பொத்தான் ஐந்து தரம் அமுங்கினால் அவசர அழைப்பே போய்விடும். அமைப்புகளில் அவசரப் பகுதியில் போய் உங்கள் போனில் அது எப்படி இருக்கிறது என்று பார்த்துவையுங்கள். ஆபத்துக்கு உதவுகிற வசதி, ஆகவே நிறுத்துவதைவிட போனை உறையில் போட்டு வைப்பது மேல்.

கடைசியாகத் துப்புரவு. தொழிற்சாலைப் பக்கத்து ஆபிஸ்களில் தேயிலைத் தூசு கீபோர்டுக்குள் இறங்கும். இனிப்புத் தேத்தண்ணி ஒரு துளி பட்டால் விசை ஒட்டிக்கொண்டு மேலே வராது, அழுத்தியபடியே நின்று எழுத்தை அள்ளி எறியும். மாதம் ஒரு தரம் கணினியை நிறுத்தி, கீபோர்டைக் கழற்றி, தலைகீழாகப் பிடித்து முதுகில் மெல்லத் தட்டுங்கள். பழைய பல்துலக்கும் பிரஷால் இடுக்கைத் தட்டிவிடுங்கள். ஈரத் துணி வேண்டாம், நன்றாகப் பிழிந்த துணி என்றால் பரவாயில்லை. ஒட்டுகிற விசையின் மூடியைக் கழற்றிக் கழுவுவதென்றால், கழற்ற முன் போனால் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். திரும்பப் போடும்போது எந்த மூடி எந்த இடம் என்று தேடி அரை நாள் போய்விடும்.